ஏற்காடு ஏறும் கியர் சைக்கிள்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

கடையில் எம்டிபி, அதாவது மலைப்பாதை சைக்கிள் என்று வரிசையாக நிறுத்தி வைத்திருப்பவற்றில் பாதி வெறும் வேஷம். தடித்த டயர், முன்னால் ஒரு ஷாக், பின்னால் ஒரு ஷாக், பெயின்ட்டில் மின்னல் கீற்று. பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் என்று காட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் பின் ஸ்பிரிங் அமுங்கும். ஏற்றத்தில் உங்கள் உழைப்பில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும்.

நான் ஓட்டுவது 29 அங்குலச் சக்கரம் போட்ட அலுமினிய ஹார்ட்டெயில். ஷாக் முன்னால் மட்டும்தான். வாங்கும்போதே ஐம்பதாயிரத்தைத் தொட்டது. சேலத்தில் வீடு. அடிவாரத்து மண்பாதைகள், நேரம் கிடைத்தால் ஏற்காடு, மேலே போனால் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் பாதைகள். இவ்வளவுதான் என் உலகம்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர்கூட இல்லை. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இந்த ஏற்றத்துக்கு வண்டியில் 21 கியரா 27 கியரா என்று எண்ணிப் பயனில்லை; இருப்பதிலேயே லேசான கியர் எது என்று பாருங்கள். என் வண்டியில் முன்பல் 22, பின்பல் 36. பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் 0.61 சுற்றுதான் சுற்றும். 24-க்கு 28 போட்ட வண்டியில் அதுவே 0.86. பேப்பரில் பார்த்தால் சின்ன வித்தியாசம். பாதி மலை ஏறியதும் முழங்கால் கணக்குக் கேட்கும்.

அடுத்தது பின்சக்கர ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம். இதை விற்பவர்கள் தாமாகச் சொல்வது அபூர்வம். விலை குறைந்த வண்டிகளில் ஃப்ரீவீல் இருக்கும். பற்சக்கரக் கொத்தை அப்படியே ஹப்பில் திருகி மாட்டியிருப்பார்கள். அதில் வலப்பக்கத்துப் பால்ரஸ் உள்ளே தள்ளி உட்காரும். அச்சின் நுனிக்குத் தாங்கல் இல்லாததால், கல்லிலும் பள்ளத்திலும் இறங்கி இறங்கி அச்சு வளையும், சில நேரம் முறியும். பற்சக்கரங்களைத் திருகாமல் ஹப்பின் மேல் செருகி மாட்டும் கேசட் வகையில் பால்ரஸ் நுனிக்குப் பக்கத்தில் இருக்கும் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. பின்னால் 7 கியர் என்றால் பெரும்பாலும் ஃப்ரீவீல், 9-க்கு மேல் பெரும்பாலும் கேசட். எதுவானாலும் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். என் ஹப்புக்கு மழைக்காலம் முடிந்ததும் கிரீஸ் மாற்றுவேன், சக்கரத்தில் கோட்டம் விழுந்தால் எடுத்துக்கொள்வேன். வேறு செலவு வைக்கவில்லை.

பிரேக்கில் மட்டும் காசு பார்க்காதீர்கள். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக் போட்ட நண்பர்கள் வழியில் நின்று கையை உதறுவார்கள். பிரேக் கட்டை தேயத் தேயக் கேபிளையும் இழுத்துக் கட்ட வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக்கில் இரண்டு விரல் போதும், தேய்மானத்தையும் தானே ஈடுகட்டிக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: ஷிமானோ ஹைட்ராலிக் பிரேக்குக்கு மினரல் ஆயில்தான். பழக்க தோஷத்தில் பைக் பிரேக் ஆயிலை ஊற்ற வந்த மெக்கானிக்கைக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். அது உள்ளே போனால் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். ஐப்பசி மழையில் சேற்றோடு ஓட்டினால் கட்டைகள் சட்டென்று தேயும். உலோகக் கட்டை போடலாம் என்று தோன்றும். ஆனால் ரோட்டரில், அதாவது பிரேக் தட்டில், ‘ரெசின் ஒன்லி’ (ரெசின் கட்டை மட்டும்) என்று பொறித்திருந்தால் அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

வண்டியில் எனக்குப் பிடிக்காதது முன் ஃபோர்க், அதாவது ஷாக்கோடு சேர்ந்து முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை. காயில் ஸ்பிரிங், இரும்புக் குழாய், நல்ல கனம். இரண்டாவது மழைக்காலத்திலேயே குழாயில் துரு தட்டியது. ஷாக்கை அமுங்காமல் பூட்டும் லாக் அவுட் குமிழ் இப்போது சும்மா சுற்றுகிறது. இன்னொரு குமிழ் இருக்கிறதே, அது ஸ்பிரிங்கை முன்கூட்டி இறுக்குவதற்கு மட்டும்தான்; அதைத் திருகினால் ஷாக்கின் துள்ளல் அடங்காது. இந்த விலையில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த நல்ல ஏர் ஃபோர்க் எதிர்பார்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் ஃப்ரேம் பார்க்கும்போது ஃபோர்க் நுழையும் ஹெட் டியூப் கீழே அகன்று வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். இப்போதைய நல்ல ஃபோர்க்குகள் அப்படிப்பட்ட ஃப்ரேமுக்கே வருகின்றன. நேர்குழாய் என்றால் பின்னால் மாற்ற நினைத்தாலும் தேர்வு குறைவு.

டயருக்குச் சீமைக் கருவேல முள்தான் எமன். டியூபில் ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் ஊற்றிய பிறகு நிம்மதி. பஞ்சர் கடையில் காற்றுப் பிடித்தால் கல்லு மாதிரி ஏற்றி அனுப்புவார்கள். எழுபது கிலோ ஆளுக்கு மண்பாதையில் 30 பிஎஸ்ஐ பக்கம் இருந்தால்தான் டயர் பிடிக்கும். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் சின்ன அடாப்டர் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும், பஞ்சர் கடைக் குழாய் அதில் நேராக மாட்டாது.

தார் ரோட்டில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இதெல்லாம் வீண் செலவு. ரோட்டுக்கேற்ற ஹைபிரிட் சைக்கிள் வாங்கிக்கொள்ளுங்கள், சுகமாக ஓடும்.

மற்றவர்களுக்கு ஒன்று. கியர் மாற்றும்போது சங்கிலியை நகர்த்தும் பின் டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்னத் துண்டு, வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவதற்கென்றே இருக்கிறது. அதன் வடிவம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும். மாடல் நின்றுபோனால் தேடி அலைய வேண்டிவரும். வண்டிக்குப் பில் போடும்போதே இரண்டு கூடுதலாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.