கதவு நிலை ஓரத்து விரிசல்: எந்த வைத்தியம் தாங்கியது?

கதவு நிலையை ஒட்டி ஓடும் விரிசலுக்குப் பட்டி (பெயின்ட்டுக்கு முன் சுவரில் அப்பும் பசை) வைத்தால் போதும் என்று சொல்பவர்கள் யாரும் சித்திரை வெயிலில் வந்து அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் படுக்கையறை வாசலில் பல ஆண்டுகளாக நடந்தது இதுதான். பொங்கலுக்கு வெள்ளையடித்ததும் சுவர் பளிச்சென்று இருக்கும். பங்குனி முடிவதற்குள் தாழ்ப்பாள் உயரத்தில் தொடங்கி ஒரு மயிரிழைக் கோடு மேலே ஏறும். வைகாசியில் அதற்குள் ஏடிஎம் அட்டையின் விளிம்பை நுழைக்கலாம்.

வீடு திருச்சியில். நிலை வேங்கை மரம், சுவர் நாலரை அங்குலச் செங்கல். மழைக்காலத்தில் மரம் ஈரத்தை இழுத்து உப்பும், கோடையில் காய்ந்து சுருங்கும். சிமெண்ட் பூச்சு அந்த அளவுக்கு அசைவதில்லை. ஆக, இரண்டும் சேரும் இடம் ஆண்டுக்கொரு முறை திறந்து மூடத்தான் செய்யும். இதில் பொங்கல் வெள்ளையடிப்பைப் போல் தவறான நேரம் வேறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து மரம் உப்பியிருக்கும் மார்கழியில் இடைவெளி மிகக் குறுகலாக இருக்கும். அப்போது பட்டியை அப்பினால் அது மேலாகத்தான் ஒட்டுகிறது. கோடையில் மரம் பின்வாங்கும்போது பட்டி ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

பட்டிக்குப் பிறகு கொத்தனார் வைத்தியம். நிலையோரப் பூச்சை ஒரு சாண் அகலத்துக்குக் கொத்தி எடுத்து, கோழிவலை அடித்து, மறுபடி பூசினார். வேலை சுத்தம், தண்ணீரும் ஒரு வாரம் விடாமல் தெளித்தோம். செங்கல் சுவர் கான்கிரீட் தூணோடு சேரும் இடத்தில் கோழிவலை நன்றாகவே வேலை செய்கிறது. எங்கள் கூடத்தில் அதற்குச் சாட்சி இருக்கிறது. மரத்தோரம் கதை வேறு. வலை இருந்த பூச்சு உறுதியாக நின்றது. முன்பு கோணல்மாணலாக ஓடிய விரிசல், இப்போது நிலையின் விளிம்பிலேயே அடிக்கோல் வைத்து இழுத்தாற்போல் நேராக ஓடியது. செலவுக்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான்.

அந்த நேர்கோடுதான் உண்மையைக் காட்டியது. நிலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வேறொருவரைக் கதவை இழுத்துச் சாத்தச் சொல்லிப் பாருங்கள். எங்கள் நிலை கையில் அதிர்ந்தது. நாலரை அங்குலச் சுவரில், நிலையைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் இரும்புக் கிளாம்புகளுக்குப் பிடிமானம் குறைவு. சுற்றிலும் கான்கிரீட் போடாமல் செங்கல் துண்டையும் கலவையையும் திணித்து விட்டால், காற்றில் கதவு அறைய அறைய அந்தப் பிடி தளர்ந்துவிடும். ஆசாரி வந்து, நிலைக்குள் துளையிட்டு நீண்ட திருகுகளை நைலான் பிளக்கோடு சுவருக்குள் இறக்கினார். திருகுத் தலைகளை உள்ளே அமுக்கி மேலே மரத்தக்கை வைத்து இழைத்துவிட்டார். தெரிந்தவர் கண்ணுக்குத்தான் தெரியும். விரிந்து இறுகும் இரும்பு போல்ட்டை அவர் தொடவே இல்லை, ஒல்லிச் சுவரின் செங்கல் பிளந்துவிடும் என்றார். கதவுக்கு ரப்பர் தடுப்பும் வைத்தோம்.

பிறகு, நல்ல வெயிலில், இடைவெளி முழுதாகத் திறந்திருக்கும்போது அடைத்தோம். கட்டிங் மெஷினால் நிலையோரமாக 6 முதல் 8 மில்லிமீட்டர் அகலத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, தூசியைத் தூரிகையால் தள்ளினோம். தூசி இருந்தால் எந்தப் பசையும் ஒட்டாது. உள்ளே மெல்லிய ஃபோம் கயிறு. அதன் மேல், துப்பாக்கியில் பொருத்திய குழாயிலிருந்து அக்ரிலிக் சீலன்ட், அதாவது காய்ந்தபின்னும் இழுபடும் அடைப்புப் பசை. இருபுறமும் ஒட்டிய காகித டேப்பை, ஈர விரலால் சீலன்ட்டை வழித்த உடனேயே உரித்துவிட வேண்டும். காய்ந்தபின் உரித்தால் ஓரமும் சேர்ந்து வரும். சிலிக்கான் வாங்கிவிடாதீர்கள், அதன் மேல் பெயின்ட் நிற்காது.

அதன்பின் சில கோடைகளும் மழைகளும் போய்விட்டன. சீலன்ட் அசைந்துகொடுக்கிறது, விரிசல் திரும்பவில்லை. மேலே அடித்த பெயின்ட்டில் மட்டும் கோடையில் மிக மெல்லிய சுருக்கக் கோடு விழுகிறது, கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். தரை துடைக்கும் ஈரம் படுகிற கீழ்ப்பகுதியில் ஓரம் கொஞ்சம் உரிந்தது. அந்தத் துண்டை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு மறுபடி நிரப்பினேன்.

இன்னொரு அறையில் இத்தனை பாடு படவில்லை. ஆசாரி இரண்டு அங்குல மரப் பீடிங்கை (விரிசலை மறைக்கும் மெல்லிய சட்டம்) நிலையில் மட்டும் அறைந்து, சுவர்ப்பக்கம் ஆணியில்லாமல் விட்டார். பின்னால் விரிசல் தன்பாட்டுக்குத் திறந்து மூடுகிறது. பார்வைக்கும் அழகு. பீடிங் பின்னால் எறும்பு குடியேறுவது ஒன்றுதான் தொல்லை.

இதெல்லாம் நிலையோரமாக நேராக ஓடும் விரிசலுக்குத்தான். நிலையின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஏறினால், வாசலுக்கு மேல் சுவரைத் தாங்கும் லிண்டல், இருபக்கச் சுவர் மேல் போதிய அளவு உட்காராததோ அஸ்திவாரம் இறங்குவதோ காரணமாக இருக்கலாம். விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் பெயின்டரை விட்டுவிட்டுக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். விரிசலோரம் மண்கோடு தெரிந்தால் கரையான். முதலில் அதற்கு மருந்தடிக்க வேண்டும், காடியும் சீலன்ட்டும் அப்புறம்.