அப்பாவின் இடுப்பு ஆபரேஷன்: முந்தைய நான்கு வாரம்தான் பெரிய விஷயம்

குலசேகரத்தில் முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டிய அப்பாவுக்கு நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தோம். குறையும் சொல்லப் போவதால் பேர் வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆபரேஷனுக்கு முந்தைய நான்கு வாரம்தான். மயக்க மருந்து டாக்டர் அப்பாவை நடக்கவிட்டுப் பார்த்தார், சர்க்கரையும் ஹீமோகுளோபினும் பார்த்தார், பீடியை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார், மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுத்து தினமும் இழுக்கச் சொன்னார். யாருக்குச் சிக்கல் வரும் என்று வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதாம், உடம்பின் தெம்பு, இரத்தசோகை, புகை எல்லாம் சேர்ந்த கணக்கு அது, அதில் பலவற்றை முன்கூட்டியே சரிசெய்யலாம் என்று பொறுமையாக விளக்கினார்.

ஆபரேஷன் தியேட்டரில் பேர் என்ன, எந்தப் பக்க இடுப்பு என்று சத்தமாகக் கேட்டுச் சரிபார்த்தார்களாம். சின்ன விஷயமில்லை. இப்படிக் கேட்பது, ஆபரேஷனுக்காக உலக சுகாதார நிறுவனம் தந்த சரிபார்ப்புப் பட்டியலில் உள்ளது. அந்தப் பட்டியலை டெல்லி உட்பட எட்டு நகரங்களில் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2009-ல் வந்தது, ஆபரேஷன் நோயாளிகளின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

குறை என்னவென்றால், டிஸ்சார்ஜுக்கு அப்புறம் ஒரு போன்கூட வரவில்லை. காயத்தில் நீர் கசிந்தபோது நாங்களேதான் ராத்திரியில் வண்டி பிடித்து ஓடினோம்.