பழைய மாருதி 800: செல்ஃப் முனகினால் பேட்டரியை மட்டும் பழிக்காதீர்கள்

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. இன்று ஓடும் எந்த 800-க்கும் வயது பத்தைத் தாண்டிவிட்டது, பலவற்றுக்கு இருபதுக்கும் மேல். இந்த வயதில் மூப்பு முதலில் தலைகாட்டுவது காலை செல்ஃபில்தான். சாவியைத் திருப்பியதும் பட்டென்று பிடித்த எஞ்சின் முனகி முனகி நாலாவது சுற்றில்தான் எழும். உடனே பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதிது வாங்குவது நம் ஊர் வழக்கம். கொஞ்ச நாள் நன்றாக ஓடும், பிறகு அதே முனகல். வயரில் இருக்கும் குறையைப் புது பேட்டரி தன் பலத்தால் மூடி மறைத்ததே தவிர, குறை எங்கும் போகவில்லை.

796 சிசி, மூன்று சிலிண்டர். இதைச் சுற்ற 35 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி தாராளமாகப் போதும். செல்ஃப் சுற்றும்போது 100 ஆம்பியருக்கு முன்பின் ஓடும். அந்தப் பாதையில் 0.02 ஓம் தடை எங்காவது ஒளிந்திருந்தால் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். மல்டிமீட்டரை ஓம் பக்கம் வைத்து எவ்வளவு தேடினாலும் இந்தத் தடை தெரியாது. சாதாரண மீட்டருக்கு அவ்வளவு சிறிய அளவு எட்டாது. செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் எங்கே இறங்குகிறது என்று பார்ப்பதுதான் ஒரே வழி.

முதலில் பேட்டரி. இரவு முழுக்க நின்ற வண்டியில், கதவைத் திறந்து விளக்கு எரியவிடாமல் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்ற சோதனை. வண்டியை நிறுத்திய உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் 12.8, 12.9 என்று காட்டி ஏமாற்றும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளந்தால் உண்மை வெளிவரும். மூடி திறக்கிற பேட்டரி என்றால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் நேர்மையானது. ஐந்து செல் 1.250 காட்டி ஒன்று மட்டும் 1.150-இல் நின்றால் அந்த செல் போய்விட்டது, எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் திரும்பாது.

அடுத்தது எஞ்சின் பிடிக்காமல் சுற்றவிடுவது. கார்புரேட்டர் வண்டியில் இக்னிஷன் காயிலுக்குப் போகும் சின்ன வயரைக் கழற்றலாம். எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும்) வண்டியில் ஃப்யூயல் பம்ப்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு, லைனில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஓடவிட வேண்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்தபடி. ஒருவர் ஐந்து நொடி சாவியைப் பிடிக்க, இன்னொருவர் மீட்டர் பார்க்க வேண்டும். மீட்டர் முனைகள் பேட்டரி கம்பத்தின் ஈயத்திலேயே இருக்கட்டும், கிளாம்பில் வேண்டாம். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றும் எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் பேட்டரி நிரபராதி. 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கலாம்.

இப்போது பாதை. மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பிளஸ் கம்பத்தில், மறுமுனை செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டில். செல்ஃப் அடிக்கும்போது 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு மைனஸ் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்புக்கும் நடுவே. இங்கே 0.2 வரை சரி. அதைத் தாண்டினால் எர்த், அதாவது மைனஸிலிருந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் இணைப்பு, கெட்டது. மெக்கானிக்குகள் பிளஸ் வயரை ஆராய்வார்கள், எர்த்தை ஆட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஆனால் 800-இல் எர்த்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பின்னல் பட்டை வெளியே முழுசாகத் தெரியும், அதன் நுனியில் போல்ட் மாட்டும் வளையமான லக்கின் உள்ளே பச்சை பூத்திருக்கும். போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்ட்டும் துருவும் சேர்ந்து படலம் கட்டியிருக்கும்.

மீட்டரே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஜம்பர் கேபிளின் கறுப்பு வயரை எடுத்து, ஒரு முனையை மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் மாட்டி செல்ஃப் அடியுங்கள். சட்டென்று வேகம் எடுத்தால் குற்றவாளி எர்த்தான். 25 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிள், இரண்டு பக்கமும் நன்றாக கிரிம்ப் செய்த லக், உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் எர்த் பிரச்சினை வருஷக்கணக்கில் திரும்பாது. பேட்டரி விலையில் இது ஒரு சின்னப் பங்குதான்.

கிளாம்ப் இறுகவில்லை என்று ஆணி, தகரத் துண்டு, ஸ்க்ரூ எதையாவது செருகி ஓட்டும் வண்டிகள் ஏராளம். அந்த ஒரு முனையில்தான் மொத்தக் கரண்டும் பாய்கிறது, சூடாகிறது, ஈயத்தைத் தின்கிறது. கம்பம் மெல்லிய வகை என்றால் அதற்கான கிளாம்பே வாங்குங்கள். பூத்திருக்கும் வெள்ளைப் பொடிக்கு வெந்நீரில் கரைத்த ஆப்ப சோடா போதும், செல் மூடிக்குள் மட்டும் இறங்கக் கூடாது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். வாஸ்லைன் இறுக்கிய பிறகு மேலே தடவுவதற்கு.

வயர் எல்லாம் சரி, பேட்டரியும் சரி, இன்னும் இழுக்கிறது என்றால் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டியதுதான். சத்தம் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். 'டக டக டக' என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் சார்ஜ் குறைவு அல்லது மோசமான இணைப்பு. ஒரே ஒரு 'டக்' கேட்டு மௌனமானால் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் காந்த சுவிட்சான சோலனாய்டின் உள்ளே இருக்கும் செப்புக் காண்டாக்ட் தீய்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். சுற்றுகிறது, ஆனால் கனமாக, கம்பத்தில் வோல்ட்டும் பலமாக விழுகிறது என்றால் மோட்டாரின் அச்சைத் தாங்கும் புஷ். புஷ் தேய்ந்ததும் உள்ளே சுழலும் ஆர்மேச்சர் சரிந்து, அதைச் சுற்றி நிற்கும் ஃபீல்டில் உரசுகிறது. இதில் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் பிரஷ் மட்டும் மாற்றி வாங்குவது வீண் செலவு. புஷ்ஷும் பிரஷும் ஒன்றாக மாற்றி, பிரஷ் உரசும் செப்பு வளையமான கம்யூட்டேட்டரையும் லேத்தில் லேசாக எடுக்கச் சொல்லுங்கள்.

குளிர்ந்த எஞ்சினில் ஒழுங்காகச் சுற்றி, சூடானதும் மட்டும் முட்டி முட்டி நிற்பது வேறு கதை. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள கார்புரேட்டர் வண்டியில் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) முன்னால் தள்ளியிருந்தால் பிஸ்டன் மேலே வருமுன்பே வெடித்து செல்ஃபை எதிர்த்து உதைக்கும். காயில் வயரைக் கழற்றிவிட்டு அடிக்கும்போது தாராளமாகச் சுற்றினால் டைமிங்தான்.

சார்ஜிங்கை ஒதுக்கிவிடக் கூடாது. எஞ்சின் 2000 ஆர்பிஎம்மில் ஓட, கம்பத்தில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஹெட்லைட், ப்ளோயர் போட்டாலும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. 15-ஐத் தொட்டால் ரெகுலேட்டர் போயிற்று, பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். அதே இடத்தில் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றினால் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டைனமோவில் (ஆல்டர்னேட்டரில்) டயோடு பழுது. அந்த டயோடு சும்மா நிற்கும் வண்டியிலும் இரவெல்லாம் கரண்டைக் கசியவிடும்.

கசிவை அளக்க மைனஸ் கிளாம்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் குழியில் வைத்து இடையில் மாட்ட வேண்டும். அந்த நிலையில் சாவியைத் தொட்டால் மீட்டர் ஃப்யூஸ் காலி. 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 200 என்றால் ஒரு நாளைக்கு 4.8 ஏஎச், நான்கே நாளில் 35 ஏஎச் பேட்டரி பாதிக்கும் கீழே. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பின்னாளில் பூட்டிய மியூசிக் சிஸ்டம் அல்லது சென்ட்ரல் லாக்கில் வந்து நிற்கும். எல்லா ஃப்யூஸையும் எடுத்தும் குறையாவிட்டால் டைனமோவின் தடித்த வயரைச் சந்தேகியுங்கள்.

பேட்டரியே மாற்ற வேண்டி வந்தால், வெயில் ஊர்களில் தண்ணீர் ஊற்றும் வகையே பழைய 800-க்குப் பொருத்தம் என்பது என் கணிப்பு. ரெகுலேட்டர் கொஞ்சம் முன்பின் போனாலும் தண்ணீர் அளவைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும், ஆசிட் ஒருபோதும் வேண்டாம். தட்டு மூழ்கும் அளவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அதிலும் ஒரே ஒரு செல் மட்டும் அடிக்கடி வற்றினால் புதிய பேட்டரிக்குக் காசு எடுத்து வையுங்கள்.