39 இலக்கப் பகா எண்ணை வைத்துப் பாரி/ஜிபி மென்பொருளைச் சோதித்தபோது

எண் கோட்பாட்டுக் கணக்குகளுக்காக பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள் பாரி/ஜிபி. அதை மதிப்பிட நான் எடுத்துக்கொண்டது 2-இன் 127ஆம் அடுக்கிலிருந்து 1 குறைந்த எண், அதாவது 170141183460469231731687303715884105727. 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்கா இது பகா எண் என்று கையாலேயே நிறுவினார். 1951 வரை இதைவிடப் பெரிய பகா எண் எதுவும் அறியப்பட்டிருக்கவில்லை.

பகா எண்தானா என்று கேட்டதும் திரையில் வந்தது '1' மட்டுமே. ஆம் என்பதற்கு அதுதான் அடையாளம். எந்தச் சோதனையால் அந்த முடிவுக்கு வந்தது என்ற விளக்கம் கிடையாது. முல்லைக்குக் கேளாமலே தேர் கொடுத்தவன் அந்தப் பாரி; கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் தராதது இந்தப் பாரி.

ஆனால் கேட்கத் தெரிந்தவருக்கு இது நல்ல துணை. 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளும் லூக்கா–லேமர் சோதனையை ஒரே வரியில் எழுதி 125 முறை சுழலவிட்டேன். இறுதி மீதி பூச்சியமாக வந்தது. பகா எண் என்பதற்கு அதுவே முழு நிரூபணம். இந்த எண்ணுடன் 1 கூட்டினால் 2-இன் அடுக்கு மட்டுமே மிஞ்சுவதால்தான் சோதனை இவ்வளவு எளிதாகிறது. 1 கழித்தாலும் சுவையானதே: 2, 3, 7, 19, 43, 73, 127 எனத் தொடங்கி 77158673929 வரை நீளும் காரணிகளை மென்பொருள் நொடியில் பிரித்துத் தந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பண்பு வேறொன்று. இந்த எண்ணை மட்டாகக் கொண்டால், அதாவது இதனால் வகுத்து வரும் மீதியை மட்டும் கணக்கில் எடுத்தால், 2-க்கு வர்க்கமூலம் உண்டு. அது 2-இன் 64ஆம் அடுக்கு, அதாவது 18446744073709551616. அதை வர்க்கப்படுத்தினால் 2-இன் 128ஆம் அடுக்கு வரும். 127ஆம் அடுக்கின் மீதி 1 என்பதால் எஞ்சுவது 2. இதைத் தாளிலேயே கண்டுவிடலாம், மென்பொருள் தேவையில்லை.

பகா எண் என்பதற்கான சான்றிதழைக் கோரும் வசதியும் உண்டு. அது எண்களின் பட்டியலாகவே வருவதால் நேரடியாகப் படிக்க முடியாது. சரிபார்க்கத் தனிக் கட்டளை இருக்கிறது. கையேடு விரிவானது, எனினும் எண் கோட்பாட்டில் ஓரளவு பழக்கம் உள்ளவரை நினைத்தே எழுதப்பட்டது. மாணவர் முதல் நாளில் திணறக்கூடும்.

எல்லையையும் சொல்ல வேண்டும். 2-இன் அடுக்கிலிருந்து 1 குறைந்த எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர்; நம் எண்ணையே 2-க்கு அடுக்காக ஏற்றி 1 கழித்து வரும் மெர்சென் எண்ணைக் கேட்டால், எந்தக் கணினியின் நினைவகத்திலும் அதன் இலக்கங்கள் அடங்கா. அது பகா எண்ணா என்பது இன்றும் விடை காணப்படாத கேள்வி. ஆயினும் அந்த எண்ணை எழுதாமலேயே, ஒரு சிறிய எண் அதை வகுக்கிறதா என்று மீதிக் கணக்கால் இங்கே பார்த்துவிடலாம். நான் முயன்ற சில நூறு எண்களில் எதுவும் வகுக்கவில்லை.