லூஸான ஒரு நட்டுக்கு 21,500 ரூபாய்: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

முன்பக்கம் 'லொட லொட' என்று சத்தம் வருகிறது என்று வண்டியைக் கொண்டுபோய் விட்டால், ஓட்டிக்கூடப் பார்க்காமல் "லோயர் ஆர்ம் போயிடுச்சு, ஷாக்கர் போயிடுச்சு" என்று ஆரம்பிக்கிற இடங்கள் இருக்கின்றன. லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் இரும்புக் கை, ஷாக்கர் என்பது குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர். சென்னை போரூர் பக்கம் அப்படி ஓர் ஒர்க்‌ஷாப்பில் 21,500 ரூபாய் கொடுத்துவிட்டு, அதே சத்தத்தோடு வீட்டுக்கு வந்தேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. அங்கே காட்டிய வித்தையை எந்த ஊர்க் கடையிலும் காட்ட முடியும் என்பதால்தான் இந்தப் பதிவு.

என்னுடையது 2008 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டி. மெட்ரோ வேலைக்காக ஆற்காடு சாலையைத் தோண்டிப் போட்டதிலிருந்து தினமும் பள்ளத்தில் இறங்கி ஏறித்தான் ஆபீஸ். சத்தம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அதில் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தேன். ஸ்பீடு பிரேக்கரில் நேராக ஏறினால் சத்தம் இல்லை. சாய்வாக ஏறினாலோ, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கினாலோ கடகடவென்று அடிக்கும். இதை சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் காதில் வாங்கவே இல்லை.

வண்டியை லிஃப்டில் ஏற்றினார்கள். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, ஒரு பையன் நீளமான லீவரை எடுத்து லோயர் ஆர்ம் புஷ் இடுக்கில் கொடுத்து நெம்பினான். ஆர்ம் அசைந்தது. "பாத்தீங்களா சார், எவ்ளோ ஆட்டம்? இதோட ஹைவேல போனா வீல் தனியா போயிடும்." அப்புறம் ஷாக்கரைத் துணியால் துடைத்துக் கறுப்புக் கறையைக் காட்டினார்கள். "ஆயில் லீக்." வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது என்பதைப் பின்சீட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள் போல. "ஃபேமிலியோட போற வண்டி சார், ரிஸ்க் எடுக்காதீங்க."

அந்த லீவர் வித்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லோயர் ஆர்மை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு பிடித்திருப்பது ரப்பர் புஷ். அதிர்ச்சியை வாங்குவதற்காகவே அது ரப்பர். நீளமான இரும்பைக் கொடுத்து நெம்பினால் நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்த புஷ்ஷும் அசையும். பார்க்க வேண்டியது ரப்பர் வெடித்திருக்கிறதா, உள்ளே இருக்கும் இரும்புக் குழாயை விட்டுக் கழன்றிருக்கிறதா, நெம்பும்போது 'டக்' என்று இரும்போடு இரும்பு மோதுகிறதா என்பதை. அதை யாரும் காட்டவில்லை. ஷாக்கர் விஷயமும் அப்படித்தான். நிஜமாகவே லீக் ஆனால் மேலிருந்து கீழே ஈரம் இறங்கி, அதில் தூசி ஒட்டி, சேறு மாதிரி அப்பியிருக்கும். துடைக்கும் துணியிலேயே எண்ணெய் இருந்தால் எந்த ஷாக்கரும் 'லீக்' ஆகும்.

பில் என்று ஒரு துண்டுச் சீட்டு. மேலே 'எஸ்டிமேட்', கீழே லோயர் ஆர்ம் ஜோடி 6,800, ஷாக்கர் ஜோடி 9,200, லேபர் 4,000, அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) 1,500. ஜி.எஸ்.டி. எண் கிடையாது. பணத்தை ஒரு தனிநபர் நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னார்கள். பழைய பார்ட்ஸ் எங்கே என்றேன். "ஸ்கிராப்காரன் காலைலயே எடுத்துட்டுப் போயிட்டான் சார்." மத்தியானம் கழற்றிய பார்ட்ஸைக் காலையில் எடுத்துப் போன ஸ்கிராப்காரன்!

வீடு வரும்போதே அதே சத்தம். திரும்பப் போனால், "புது பார்ட்ஸ் இல்லையா, ஓட ஓட செட் ஆயிடும்" என்றார்கள். இன்னும் கொஞ்ச நாள் கழித்துப் போனபோது பேச்சு இன்ஜின் மவுன்டிங் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்) பக்கம் திரும்பியது. அதற்குத் தனி எஸ்டிமேட்.

என் மச்சான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே பிரித்துப் பார்க்கலாம் என்று வந்தான். ஹேண்ட்பிரேக், பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, முன்பக்கம் இரண்டு பக்கமும் பாரம் தாங்கும் ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் கை விடாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லை அண்டை கொடுப்பது அதைவிட மோசம், பாரம் ஏறினால் ஒரே நொடியில் நொறுங்கும்.

இடது சக்கரத்தைக் கழற்றியதும் விஷயம் வெளியே வந்துவிட்டது. முன்சக்கரங்கள் இரண்டையும் இணைத்து, வண்டி ஒரு பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளும் கம்பி ஸ்டெபிலைசர் பார். அதையும் ஷாக்கரையும் இணைக்கிற ஒல்லியான கம்பிதான் லிங்க் ராடு. அந்த லிங்க் ராடின் கீழ் நட்டு விரலாலேயே சுற்றியது. உரசி உரசி, அந்த இடத்தில் மட்டும் மரை பளபளவென்று இருந்தது. ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போதுதான் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளும், அப்போதுதான் லிங்க் ராடுக்கு வேலை. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் பார் முறுக்காது, சத்தமும் வராது. சூப்பர்வைசர் காதில் வாங்காத விஷயம் இதுதான்.

அதே ராடின் மேல் நட்டைக் காட்டி மச்சான் கேட்டான்: "மாமா, ஷாக்கரைக் கழட்டணும்னா இந்த நட்டைத் தொடாம எப்படிக் கழட்டியிருப்பான்?" அந்த நட்டில் துரு, அதன்மேல் காய்ந்த சேறு. வருடக்கணக்கில் ஸ்பானர் பட்ட அடையாளமே இல்லை. ஷாக்கரைச் சக்கரத்தோடு பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட்டும் அப்படியே. ஆனால் ஷாக்கர் மட்டும் புத்தம்புதுக் கறுப்பு. நகத்தால் சுரண்டினேன், பெயின்ட் செதிலாக வந்தது, உள்ளே பழைய துரு. அவசரத்தில் பிரேக் ஹோஸின் மேலேயும் கொஞ்சம் ஸ்பிரே அடித்து வைத்திருந்தார்கள். வலது பக்கமும் அதே கதை. லோயர் ஆர்மை மட்டும் மாற்றியிருந்தார்கள். அதிலும் கம்பெனி முத்திரையோ பார்ட் நம்பரோ எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் கழற்றுவதற்கு முன்பே வீடியோ எடுத்தோம். இது முக்கியம். துருவைச் சுரண்டிய பிறகு எடுத்தால் ஆதாரம் போச்சு.

வேலை பெரிதில்லை. ஒரு புது நைலாக் நட்டோடு (உள்ளே நைலான் வளையம் வைத்த, எளிதில் தளராத நட்டு) முடிந்திருக்கும். ராடின் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறியிருந்ததால், உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் எம்.ஆர்.பி. லேபிள் ஒட்டிய பெட்டியில் ஒரு ஜோடி வாங்கி வந்து, இரண்டு பக்கமும் மாற்றிவிட்டோம். 14 ரிங் ஸ்பானர், நட்டோடு சேர்ந்து ஸ்டட் சுற்றாமல் பிடிக்க ஒரு அலென் கீ, துரு இளக்கும் ஸ்பிரே, அவ்வளவுதான். முன்பக்கம் இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு ராடு ஓட்டையில் உட்காராது. நைலாக் நட்டில் பழையதைத் திரும்பப் போடாதீர்கள், ஒருமுறை கழற்றினால் உள்ளே இருக்கும் நைலானின் பிடி குறைந்துவிடும். லிங்க் ராடு மாற்றினால் அலைன்மென்ட் தேவையில்லை, யாராவது அதற்குப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். சத்தம் அன்றோடு போய்விட்டது.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் வாசலில் பிரிக்க வேண்டாம். ஷாக்கர் ஸ்பிரிங்கைத் தகுந்த கருவி இல்லாமல் கழற்றினால் தெறித்து ஆளையே அடிக்கும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்ம் முனையில் சக்கரத்தைப் பிடிக்கும் மூட்டு) போயிருக்கும். அந்த வண்டியை ஓட்டவே கூடாது. பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும், அந்த விஷயத்தில் கடைக்காரர் பயமுறுத்துவது நியாயம்தான்.

லோயர் ஆர்ம் புஷ் விஷயத்தில் மச்சான் இன்னொன்றும் கண்டுபிடித்தான். சக்கரம் தொங்கும்போதே புஷ்ஷைப் பிடிக்கும் போல்ட்டை முழுசாக டைட் செய்திருக்கிறார்கள். வண்டியை இறக்கி, பாரம் உட்கார்ந்த பிறகுதான் கடைசி டைட் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். தளர்த்தி மறுபடி டைட் செய்தோம்.

வீடியோ, சீட்டு, ஜிபே ரசீது எல்லாவற்றையும் வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். முறையான பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. நாம் கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். புகார் போனதும் கடையிலிருந்து ஃபோன்: "ஷாக்கர் காசை மட்டும் திருப்பித் தர்றோம் சார், கம்ப்ளைன்ட்டை வாபஸ் வாங்கிடுங்க." ஷாக்கர் மாற்றவில்லை என்று எழுத்தில் கொடுங்கள், அப்புறம் பேசலாம் என்றேன். இதுவரை பதில் இல்லை. மாதக் கடைசி வரை பார்த்துவிட்டு ஆணையத்துக்குப் போகிறேன்.