பவளத் தொட்டிக்கான எல்.இ.டி. விளக்குகள்: ஒளியை இறக்கத் தெரிந்த விளக்கே நல்ல விளக்கு

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்க விரும்புவோர் விளக்குக் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்பதுதான். நம் வீடுகளில் வைக்கப்படும் சிறு தொட்டிகளைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி இரண்டாவதாக வந்தால் போதும். ஒளியின் அளவை எவ்வளவு தூரம் குறைக்க முடிகிறது, குறையும்போது எவ்வளவு சீராகக் குறைகிறது என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். கோவையில் என் வீட்டுக் கூடத்தில் உள்ள இரண்டடித் தொட்டியின்மேல் வெவ்வேறு காலங்களில் எரிந்த மூன்று விளக்குகளை இந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிடுகிறேன்.

இந்த அளவுகோலுக்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. மன்னார் வளைகுடா உள்ளிட்ட நம் கடல்களில் வளரும் கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். யாரேனும் ரகசியமாகக் காட்டினாலும் வாங்காமல் திரும்பி வருவதே கடலை நேசிப்பவர் செய்யக்கூடியது. ஆகவே என் தொட்டியில் இருப்பவை மஷ்ரூம், ஜோவாந்தஸ், லெதர் போன்ற மென்பவள வகைகள் மட்டுமே. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியை அளக்கும் 'பார்' அளவில் இவற்றுக்கு 50 முதல் 150 வரை போதுமானது. கிளைபரப்பும் கல்பவளங்களுக்கோ 200-க்கும் மேல், சிலவற்றுக்கு 300-க்கும் மேல் தேவைப்படும். இணையத்தில் நாம் படிக்கும் வெளிநாட்டு மதிப்புரைகள் பெரும்பாலும் அந்தக் கல்பவளத் தொட்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை நம்பிப் பெரிய விளக்கை வாங்கி முழு அளவில் எரியவிட்டால், பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகள் வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும். கோடையில் நீரும் சூடேறியிருந்தால் இது இன்னும் விரைவாக நிகழும்.

இங்கே கண்ணை நம்பக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மனிதக் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சை ஒளியே மிகப் பிரகாசமாகத் தெரியும். பவள விளக்குகளில் நிறைந்திருக்கும் 450 நானோமீட்டர் ராயல் ப்ளூ ஒளிக்கு நம் கண் காட்டும் உணர்திறன் அதில் நான்கு விழுக்காடு அளவே. தொட்டி மங்கலாக இருப்பதாக நமக்குத் தோன்றும் அதே நேரத்தில் பவளம் அளவுக்கு மீறிய ஒளியில் தவித்துக்கொண்டிருக்கக்கூடும். கைப்பேசியில் கிடைக்கும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் செயலிகளும் கண்ணைப் போலவே நீலத்தைக் குறைத்து மதிப்பிடுவதால் இந்த வேலைக்கு உதவா. அபோஜீ நிறுவனத்தின் எம்.க்யூ.-510 போன்ற, நீருக்கடியில் வைத்து அளக்கும் கருவிதான் சரியானது. தனியொருவர் வாங்குவதற்கு விலை அதிகம் என்பதால், நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துவது நல்லது.

முதல் விளக்கு, மூடியில் இரண்டு திருகுகள் கொண்ட மலிவான கறுப்புப் பெட்டி வகை. ஒரு திருகு வெள்ளைக்கு, மற்றொன்று நீலத்துக்கு. ஒளிக்குக் குறையே இல்லை. ஆனால் திருகைக் கீழே கொண்டுவரும்போது ஒளி படிப்படியாகத் தணியாமல், ஓர் இடத்துக்குக் கீழே திடீரென அணைந்துவிடுகிறது. உள்ளிருந்த டைமரில் பேட்டரி இல்லாததால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் கடிகாரம் தொடக்கத்துக்குப் போய், நள்ளிரவில் தொட்டி பகலாகிக் கிடந்தது. மென்பவளத் தொட்டிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது கெஸ்ஸில் ஏ360எக்ஸ், 90 வாட். ஒளி முழுவதும் நெருக்கமாக அமைந்த ஒரே கொத்திலிருந்து வருவதால், வெயில்பட்ட வாய்க்கால் நீரில் தெரிவது போன்ற ஒளிநெளிவு மணற்பரப்பில் விழுகிறது. அந்த அழகுக்கு நிகராக நான் வேறெதையும் கண்டதில்லை. வண்ணத்துக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று என இரண்டே கட்டுப்பாடுகள். 0 முதல் 10 வோல்ட் வரையிலான சமிக்ஞையை ஏற்பதால் தனிக் கட்டுப்பாட்டுக் கருவியோடும் இணைக்கலாம். எளிமையை விரும்பும் பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஏற்றது. இரண்டடித் தொட்டிக்கு இதன் வலு சற்று மிகுதி.

இப்போது எரிவது ஏ.ஐ. ப்ரைம் 16 எச்.டி. இது 60 வாட்டுக்குள் அடங்குவது. வண்ணங்களைத் தனித்தனியாக மோபியஸ் என்ற கைப்பேசிச் செயலி வழியே கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. காலையில் மெல்ல ஏறி, நடுப்பகலில் நிலைத்து, மாலையில் மெல்ல இறங்கும்படி அட்டவணை அமைத்திருக்கிறேன். புதிய பவளம் வந்து சேரும்போது குறைந்த ஒளியில் தொடங்கிச் சில வாரங்களில் படிப்படியாக உயர்த்தும் வசதியும் செயலியிலேயே இருக்கிறது. என் கணக்கில் இந்த ஒரு வசதிக்காகவே அதன் விலையைக் கொடுக்கலாம். பாறை உச்சியில் 'பார்' 150-ஐத் தாண்டாமலும், மணலில் 50-க்குக் கீழே போகாமலும் அமைத்த பிறகு, நிழலில் சுருங்கியிருந்த மஷ்ரூம்கள் தட்டுப்போல் விரிந்துவிட்டன.

எந்த விளக்கானாலும் கடையிலேயே இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். ஒளியைப் பத்து விழுக்காட்டுக்கு இறக்கி, கைப்பேசிக் கேமராவை அதன்முன் பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு ஒளியைச் சீராகத் தணிக்காமல், போதிய வேகமின்றி அணைந்து அணைந்து எரிந்து மங்கலாக்குகிறது என்று பொருள். அடுத்து, மின்செருகியைப் பிடுங்கிச் சிறிது நேரம் கழித்து மீண்டும் செருகி, நேரமும் அட்டவணையும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டிலுள்ள மின்விசிறி ரெகுலேட்டரை இத்தகைய விளக்கோடு இணைத்து ஒளியைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது, விளக்குக்கு ஏற்ற மின்சாரத்தைத் தரும் எல்.இ.டி. டிரைவர் பழுதாகிவிடும்.

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பனியன் கம்பெனிகளை ஒட்டிய வீடுகளில் பறக்கும் பஞ்சுத் தூசி விளக்கின் சிறு விசிறியில் அடைந்து, தொட்டியிலிருந்து தெறிக்கும் உப்போடு சேர்ந்து இறுகிவிடுகிறது. காற்றோட்டம் குறைந்தால் எல்.இ.டி.யின் ஆயுளும் குறையும். மாதம் ஒருமுறை விளக்கை அணைத்து, மென்மையான தூரிகையால் விசிறியைத் துடைப்பது அவசியம். ஈரோட்டுக் கோடையில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

மின்கட்டணம் பற்றிய அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. 60 வாட் விளக்கு சராசரியாகப் பாதி அளவில் நாளுக்கு 9 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதங்களுக்குச் சுமார் 16 யூனிட் ஆகும். முன்பு பயன்பட்ட 150 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குக்கு இதே நேரத்துக்கு 81 யூனிட். இறக்குமதி விளக்குகளில் முதலில் பழுதாகக்கூடியது வெளியே இருக்கும் அடாப்டர்தான். அதில் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளை வாங்கிய அன்றே குறித்து வைத்துக்கொண்டால், காந்திபுரத்து மின்னணுக் கடைகளில் ஈடான ஒன்றைத் தேடிப் பிடிக்கலாம்.