எல்எஸ்1 எஞ்சினில் நைட்ரஸ்: டிஆர்6 பிளக்கா, பிஆர்7இஎஃப் பிளக்கா?

செவ்ரொலெட் கார்வெட் காரின் எல்எஸ்1 எஞ்சினில் நைட்ரஸ் (கூடுதல் திறனுக்காக எஞ்சினுக்குள் செலுத்தும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு) பொருத்துவோர் பலரும் என்ஜிகே நிறுவனத்தின் டிஆர்6, பிஆர்7இஎஃப் ஆகிய இவ்விரண்டு ஸ்பார்க் பிளக்குகளில் ஒன்றையே தேடுகின்றனர். அந்நிறுவனத்தின் வரிசையில் எண் கூடக்கூட பிளக் 'குளிர்ந்தது', அதாவது முனையின் வெப்பத்தை சிலிண்டர் ஹெட்டுக்கு விரைவாகக் கடத்துவது.

டிஆர்6-இன் முனை எரிகலத்துக்குள் நீண்டிருப்பதால் அன்றாட ஓட்டத்தில் கரி எளிதில் படியாது; 100 குதிரைத்திறன் வரையிலான ஷாட்டுக்கு (நைட்ரஸ் கூட்டித் தரும் திறனின் அளவுக்கு) நான் இதையே தேர்வேன். ஷாட் 150-ஐத் தாண்டினால், முனையில் வளைந்து நிற்கும் நீண்ட தரைக்கம்பியே (பொறி தாவிச் சேரும் கம்பி) பழுக்கக் காய்ந்து, பொறி விழுமுன் கலவையைப் பற்றவைத்துவிடக்கூடும்; பிஸ்டன் உருகுவதற்கு அதுவே போதும். பிஆர்7இஎஃப்-இல் முனை உள்ளொதுங்கியிருப்பதால் அந்த அபாயம் குறைவு, ஆனால் நகர நெரிசலில் சீக்கிரம் கரி பிடிக்கும்.

நைட்ரஸால் சிலிண்டர் அழுத்தம் ஏறும்போது பொறி தாவுவதற்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுவதால், எதைப் போட்டாலும் நடுமுனைக்கும் தரைக்கம்பிக்கும் உள்ள இடைவெளியை 0.9 மி.மீ. அளவுக்குக் குறைப்பது நல்லது. பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டாமல், ஃபீலர் கேஜின் (இடைவெளி அளக்கும் கருவியின்) 0.9 மி.மீ. தகடு இலேசான உரசலுடன் நுழைகிறதா என்று எட்டுப் பிளக்குகளையும் அளக்க வேண்டும். ஓட்டிய பின் கழற்றிப் பார்க்கையில், தரைக்கம்பியின் நிறம் மாறிய கோடு வளைவருகே நின்றால் வெப்ப அளவு சரி. அடிப்பகுதி வரை இறங்கியிருந்தால் இன்னும் குளிர்ந்த பிளக் வேண்டும்.